பற்று யார் பேரில்?

2014 பிப்ரவரி. வெளியே கணுக்கால் புதையும் பனி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஓவர்லேண்ட் பார்க் நகரத்தில், வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் அப்போது எனக்கு வேலை. அன்று முதல் ஆளாக, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு மாத வாடகை ரசீதுகள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வரிசை பிசகாமல் அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

கணவர் இல்லை. முதியோர் ஓய்வூதியம் ஒன்றுதான் வருமானம். வருஷா வருஷம் அந்த உறையோடு வருவார், நான் படிவம் போடுவேன், கோடைக்கு முன்பு சில நூறு டாலர் அவருக்குத் திரும்பி வரும். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கு வாடகைக்குள்தான் இருக்கிறது. அதனால் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அதில் கொஞ்சத்தை மாநில அரசு திருப்பித் தந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் உறையைப் பிரிக்காமலேயே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது: வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இனி அந்தப் பணம் கிடையாது, 2012-ல் போட்ட சட்டம் அதை எடுத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நான் வாடகை கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்தபடி காருக்கு நடந்தார்.

அன்று மதியம் அதே நாற்காலியில் இன்னொருவர். வீடுகளுக்கு ஏ.சி., ஹீட்டர் பொருத்தும் தொழில் செய்பவர். முந்தைய ஆண்டு லாபம் சுமார் மூன்று லட்சம் டாலர். கணக்கை முடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அந்த லாபத்துக்கு மாநில வருமான வரி: பூஜ்யம். பழைய சட்டம் இருந்திருந்தால் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல் கட்டியிருப்பார். "சரியாத்தான் பார்த்தீங்களா?" என்று அவரே இரண்டு தரம் கேட்டார்.

அவர் நல்ல மனிதர், உழைப்பாளி. அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் வந்த உறையும் மதியம் பார்த்த பூஜ்யமும் ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

என் அப்பா விருதுநகரில் ஓர் எண்ணெய் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சிட்டையில் குறித்து, குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் ஏற்றி, வருஷ முடிவில் ஐந்தொகை எடுப்பார். யாராவது வந்து காசு வந்தது என்று மட்டும் சொன்னால் எழுத மாட்டார். "வரவு சரி, பற்று யார் பேரில்?" என்று கேட்பார். ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால், அது வாய் திறந்து கேட்கத் தெரியாதவன் தலையில் போய் விழும் என்பது அவர் கண்ட அனுபவம்.

வரியைக் குறைத்தால் நாடு செழிக்கும் என்கிற பொருளாதாரக் கொள்கை யாருக்கு உதவுகிறது, கம்பெனிகளுக்கா, சாமானியருக்கா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கொள்கையை ஒரு மாநிலம் முழு மனதோடு ஐந்து ஆண்டு நடத்திப் பார்த்தது. அந்த ஐந்து ஆண்டும் அதன் கணக்குகள் என் மேசை வழியாகப் போயின. என்னால் அப்பாவின் கேள்வியை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அட்ரினலின் ஊசி

நம் ஊரில் வருமான வரி மத்திய அரசோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு ஒரு வரி, அதற்கு மேல் பெரும்பாலான மாநிலங்களுக்குத் தனி வருமான வரி. கான்சாஸில் அதன் உச்ச விகிதம் 6.45 சதவீதமாக இருந்தது. சுமார் 29 லட்சம் மக்கள் வாழும் மாநிலம் இது. கோதுமை, மாட்டுப் பண்ணை, விச்சிட்டா நகரத்தின் விமானத் தொழிற்சாலைகள் ஆகியவைதான் இதன் ஆதாரம். அரசியலில் குடியரசுக் கட்சியின் கோட்டை.

2011 ஜனவரியில் அந்தக் கட்சியின் சாம் பிரௌன்பேக் ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல. 2012 மே 22 அன்று அவர் கையெழுத்திட்ட சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. உச்ச விகிதத்தை 4.9 சதவீதத்துக்கு இறக்கியது. எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்), கூட்டாண்மை, தனியாள் தொழில், விவசாயம் போன்றவற்றின் லாபம் உரிமையாளரின் சொந்த வருமானமாகக் கணக்கில் வரும். அப்படி வரும் லாபத்துக்கு மாநில வரியே இல்லை என்றது. மூன்றாவதாக, ஏழைகளுக்கும் வாடகைக்காரர்களுக்கும் இருந்த சில சலுகைகளை நீக்கியது. 2013 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

இதன் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. அதை நேர்மையாகவே சொல்ல வேண்டும். வரி கூடக் கூட, மனிதனுக்கு உழைக்கவும் முதலீடு செய்யவும் ஊக்கம் குறைகிறது. வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், ஆள் எடுப்பார்கள், சம்பளம் ஏறும், குறைந்த விகிதத்திலேயே அரசுக்கும் போதுமான பணம் வந்துவிடும். 1974-ல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் ஒரு கைத்துணியில் வளைகோடு வரைந்து இதை விளக்கியதாகச் சொல்லப்படுபவர் ஆர்தர் லாஃபர் என்ற பொருளாதார அறிஞர். அதிபர் ரீகன் காலத்துக் கொள்கைகளில் அவருடைய செல்வாக்கு பெரிது. கான்சாஸ் அரசு அவரையே ஆலோசகராக அழைத்து 75,000 டாலர் கொடுத்தது. இந்தச் சட்டம் மாநிலப் பொருளாதாரத்தின் இதயத்தில் போடும் அட்ரினலின் ஊசி என்று பிரௌன்பேக் எழுதினார். இது நிஜமான, உயிருள்ள ஒரு சோதனை என்றும் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டன் அரசு பற்றாக்குறைக்குக் கடன் வாங்கிக் காலம் தள்ளலாம். கான்சாஸ் அப்படிச் செய்ய முடியாது; ஆண்டுதோறும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும். அதனால் வரிக் குறைப்பின் விளைவு இங்கே பல ஆண்டு மறைந்து கிடக்காது. அடுத்த பட்ஜெட்டிலேயே வாசலில் வந்து நிற்கும்.

ஒரே சம்பாத்தியம், இரண்டு கணக்கு

என் மேசையில் பார்த்த வித்தியாசத்தை எண்களிலேயே சொல்கிறேன். திருமணமாகாத ஓர் ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 50,000 டாலர். பழைய சட்டப்படி அவருக்கு மாநில வருமான வரி சுமார் 2,400 டாலர். 2013-ல் அது 1,900 ஆனது. ஐந்நூறு டாலர் மிச்சம், அது நல்ல விஷயந்தான். அவருடைய வகுப்பில் உதவியாளராக இருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் 20,000 டாலர். அவருக்கு மிச்சமானது ஆண்டுக்கு 74 டாலர், அதாவது மாதம் ஆறு டாலர். பக்கத்து வீட்டில் சொந்தமாக எலக்ட்ரிக் வேலை எடுத்துச் செய்பவரின் லாபமும் அதே 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்ட வேண்டிய மாநில வரி ஒன்றுமில்லை. லாபம் ஐந்து லட்சமானாலும், ஐம்பது லட்சமானாலும் ஒன்றுமில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் பெயர் போட்ட வழக்கமான கார்ப்பரேஷன்களுக்கு 7 சதவீதம் வரையிலான மாநில வரி அப்படியே தொடர்ந்தது. ஆகவே கம்பெனிக்கு ஒரு நீதி, குடிமகனுக்கு ஒரு நீதி என்று நேர்கோடு போட்டுச் சொல்லிவிட முடியாது. சட்டம் கோட்டைப் போட்ட இடம் வேறு. சம்பளம் வாங்கிப் பிழைப்பவர் ஒரு பக்கம், லாபம் எடுப்பவர் மறுபக்கம். லாபம் எடுப்பவர்களில் தள்ளுவண்டி உணவுக் கடைக்காரரும் உண்டு, பெரிய வக்கீல் நிறுவனத்தின் பங்குதாரரும் உண்டு. 'சிறு தொழில்' என்ற பெயரைச் சொல்லிக் கொண்டுவந்த சலுகையில் எண்ணிக்கையைக் காட்டச் சின்னவர் இருந்தார், பெரும் பணம் பெரியவருக்குப் போனது.

சுமார் 1,91,000 பேர் இந்தச் சலுகையைப் பயன்படுத்துவார்கள் என்பது தொடக்க மதிப்பீடு. பயன்படுத்தியவர்கள் 3,30,000-க்கு மேல். இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் புரிந்தது.

பேசியவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான, திருநெல்வேலிக்காரத் தம்பி. மென்பொருள் வேலை, கிரீன் கார்டு வந்திருந்தது.

"அக்கா, எல்லாரும் எல்.எல்.சி. போடுறாங்க. நானும் போட்டுட்டா ஸ்டேட் டாக்ஸே கட்ட வேண்டாமாமே, நெசமாவா?"

"நெசந்தான் தம்பி. ஆனா மத்திய அரசுக்குக் கட்டுற சோஷியல் செக்யூரிட்டி பங்கு முழுசும் உங்க தலையில வரும். இன்ஷூரன்ஸும் நீங்களே பாத்துக்கணும். அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க."

"அதெல்லாம் கம்பெனியில பேசிட்டேன் அக்கா. ரேட்டைக் கூட்டித் தர்றேன்னுட்டாங்க."

"சரி, வேலை?"

"அதே வேலைதான். அதே சீட்டு. பேப்பர்ல மட்டும் நான் கான்ட்ராக்டர்."

சட்டம் கேட்டதைத்தான் அவர் செய்தார், குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த மாற்றத்தால் ஒரு புது மேசை வந்ததா, ஓர் ஆளுக்கு வேலை கிடைத்ததா? இல்லை. சம்பளம் என்ற தலைப்பில் இருந்த தொகை லாபம் என்ற தலைப்புக்கு நகர்ந்தது, அவ்வளவே. பின்னாளில் வரிப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். உண்மையான தொழில் வளர்ச்சியைவிட, வருமானத்துக்குப் பெயர் மாற்றியதுதான் அதிகம் நடந்தது என்றார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு வரும் பெரும் தொகையில் பெரும்பகுதி அவருடைய எல்.எல்.சி. வழியாகப் போகிறது என்று 2016-ல் உள்ளூர் வானொலி வெளியிட்ட செய்தி, அதுவரை வரிச் செய்திகளைப் படிக்காதவர்களையும் பேச வைத்தது.

ஏ.சி. தொழில் செய்பவரை அடுத்த ஆண்டும் சந்தித்தேன். மிச்சமான பணத்தில் ஆள் எடுத்தீர்களா என்று கேட்டேன். "வேலை வந்தா ஆள் எடுப்பேன். வரி குறைஞ்சதுக்காக யாரு ஆள் எடுப்பா?" என்றார். கொள்கை எங்கே இடறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் ஆசிரியர்களும் நர்சுகளும் ஓய்வு பெற்றவர்களும்தான். அவர்கள் கையில் காசு இருந்தால்தான் பழைய ஹீட்டரை மாற்றுவார்கள்.

பால் வாங்கிய ரசீது

2014 நிதியாண்டில் மாநிலத்தின் வருவாய் சுமார் 70 கோடி டாலர் விழுந்தது, பத்தில் ஒரு பங்குக்கு மேல். கையிருப்பாக இருந்த ஏறத்தாழ 70 கோடி டாலரும் அந்த ஓராண்டிலேயே கிட்டத்தட்டப் பாதியானது. அதே ஆண்டு மூடிஸ், எஸ் அண்ட் பி இரண்டு நிறுவனங்களும் மாநிலத்தின் கடன் தரத்தைக் குறைத்தன. எஸ் அண்ட் பி 2016-ல் மறுபடியும் குறைத்தது.

ஓட்டை விழுந்துவிட்டது, அடைக்க வேண்டும். வருமான வரியைத் தொடுவது கொள்கைக்கு விரோதம் என்பதால் அரசின் கை விற்பனை வரிக்குப் போனது. 2010-ல், பொருளாதார மந்தத்தைச் சமாளிக்கத் தற்காலிகமாக என்று சொல்லி அதை 6.3 சதவீதமாக்கியிருந்தார்கள். 2013 ஜூலையில் 5.7-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 6.15 வரைதான். 2015 ஜூலையில் 6.5 ஆக ஏறியது. சிகரெட் வரியும் பெட்டிக்கு 50 சென்ட் ஏறியது.

கான்சாஸில் அப்போது இந்த விற்பனை வரி பாலுக்கும் ரொட்டிக்கும் முட்டைக்கும் அரிசிக்கும் முழுசாக இருந்தது. அமெரிக்காவில் மிகச் சில மாநிலங்களில்தான் அப்படி இருந்தது. நகர வரி, கவுண்டி (மாவட்ட) வரி சேர்ந்து எங்கள் பகுதியில் 9 சதவீதத்தை நெருங்கியது. மாதம் 600 டாலருக்கு மளிகை வாங்கும் குடும்பம், மாநில வரியாக மட்டும் மாதம் 39 டாலர், ஆண்டுக்கு 468 டாலர் கொடுத்தது. எங்கள் ஜான்சன் கவுண்டியின் கிழக்கு ஓரத்தில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. இந்தப் பக்கம் கான்சாஸ், அந்தப் பக்கம் மிசௌரி. மிசௌரியில் உணவுப் பொருளுக்கு மாநில வரி 1.225 சதவீதந்தான். சனிக்கிழமைகளில் சாலையைக் கடந்துபோய் மளிகை வாங்கி வரும் குடும்பங்களை எனக்குத் தெரியும். மேற்கே உள்ள சின்ன ஊர்களில் வாழ்பவர்களுக்கு அப்படிக் கடக்க எல்லையும் பக்கத்தில் இல்லை.

உணவு மீதான விற்பனை வரியில் ஒரு பங்கை ஏழைகளுக்குத் திருப்பித் தரும் பழைய ஏற்பாட்டையும் 2012 சட்டம் நீக்கியிருந்தது. அடுத்த ஆண்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, வருமான வரி கட்டுபவர் அதில் கழித்துக்கொள்ளலாம் என்ற வடிவில் வந்தது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாத்தியம் இல்லாதவருக்கு, அதாவது அது யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு, கையில் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வருமான ஏணியின் கீழ்ப்படியில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு மக்கள் முன்பைவிடக் கூடுதலாக வரி கட்டினார்கள்.

வருமான வரிக்கு ஒரு படிவம் உண்டு. கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை கண்ணால் பார்க்கலாம். விற்பனை வரி அப்படியல்ல. பால் வாங்கிய ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் கரைந்து போகும். வரவைப் பெரிய எழுத்தில் எழுதிப் பற்றைச் சின்ன எழுத்தில் எழுதுவது என்று அப்பா ஒன்று சொல்வார், அது இதுதான்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை

மாநில பட்ஜெட்டில் மிகப் பெரிய செலவு பள்ளிக்கூடம். ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 2008-09-ல் 4,400 டாலராக இருந்தது. மந்தத்தின்போது வெட்டினார்கள். 2012-13-ல் அது 3,838 டாலர். மந்தம் முடிந்து பொருளாதாரம் எழுந்தபோது அந்தப் பணம் திரும்பியிருக்க வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்தில்தான் வரியைக் குறைத்தார்கள். 2015-ல் சில பள்ளி மாவட்டங்கள் காசு இல்லாமல் கல்வி ஆண்டைச் சில நாட்கள் முன்னதாகவே முடித்தன.

என் மகன் 2012 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் ஆண்டு பள்ளியில் முழுநேர நூலகர் ஒருவர் இருந்தார். மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவரை இன்னொரு பள்ளியோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். வாரத்தில் பாதி நாள் நூலகம் பூட்டிக் கிடக்கும். எங்கள் கவுண்டி வசதியான கவுண்டி. எங்களுக்கே இந்த நிலை என்றால், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பள்ளியை நம்பி இருக்கும் ஊர்கள் எப்படித் தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

பள்ளி நிதி போதாது என்று பெற்றோரும் பள்ளி மாவட்டங்களும் 2010-லேயே தொடுத்த வழக்கில், 2017 மார்ச் 2 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கான்சாஸ் தன் அரசியல் சட்டக் கடமையில் தவறிவிட்டது, மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாசிப்பிலும் கணக்கிலும் வகுப்புக்குரிய அடிப்படைத் திறன் இல்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

சாலைக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து மாநிலம் திரும்பத் திரும்ப எடுத்தது. நெடுஞ்சாலைத் துறையின் பெயரைச் சேர்த்து 'பேங்க் ஆஃப் கேடாட்' என்று ஜனங்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய தவணையை 2016-ல் தள்ளிவைத்தார்கள். பள்ளிக்கூடமும் சாலையும் ஓய்வூதியமும் பணக்காரருக்கும் வேண்டும்தான். ஆனால் பணக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

எதிர்த்தரப்பின் நியாயம்

பிரௌன்பேக் தரப்பில் சொன்னவற்றையும் கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளில் கோதுமை விலையும் கச்சா எண்ணெய் விலையும் விழுந்தன. பல தலைமுறைகளாக விச்சிட்டாவில் இருந்த போயிங் நிறுவனம் அங்கிருந்து வெளியேறுவதாக 2012 ஜனவரியிலேயே, அதாவது சட்டம் வருவதற்கு முன்பே, அறிவித்துவிட்டது. ஆளுநர் முதலில் முன்வைத்த திட்டத்தில், வரியைக் குறைப்பதோடு பல கழிவுகளை நீக்கி இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடும் இருந்தது. சட்டமன்றப் பேரங்களில் ஈடுகட்டும் பகுதி பெரும்பாலும் கழன்றுபோய், குறைக்கும் பகுதி மட்டும் நின்றது. இவை எல்லாம் உண்மை.

ஆனாலும் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவும் அதே கோதுமை, சோளம், மாட்டை நம்பியதுதான். அங்கே விலை விழாமல் இல்லை. அங்கே வேலைவாய்ப்பு கான்சாஸைவிட வேகமாக வளர்ந்தது. நாட்டின் சராசரி வளர்ச்சியில் பாதியைக்கூடக் கான்சாஸ் எட்டவில்லை. ஈடுகட்டும் பகுதி இல்லாத மசோதா என்று தெரிந்தேதான் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். பற்றுப் பக்கத்தை எழுதாமல் விட்ட பேரேட்டில் முதலாளியே கையெழுத்துப் போட்டால், கணக்குப்பிள்ளை மேல் பழியைப் போட முடியாது.

நிறுத்தியவர்கள் யார்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த பகுதி முடிவுதான். இதை நிறுத்தியவர்களில் பெரும்பான்மையினர் பிரௌன்பேக்கின் சொந்தக் கட்சிக்காரர்கள். 2014-ல் அவர் பாதிக்கும் குறைவான வாக்குகளோடு மறுபடியும் ஜெயித்தார். 2016 ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில், அவருடைய வழியைப் பின்பற்றிய பலரைத் தோற்கடித்து மிதவாதக் குடியரசுக் கட்சியினர் வந்தார்கள். அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பள்ளி வாரிய உறுப்பினர்களும் இருந்தார்கள்.

2017 ஜூன் 6 இரவு, சலுகைகளைத் திரும்பப் பெறும் மசோதாவை ஆளுநர் வீட்டோ செய்ததும், சட்டமன்றம் அந்த வீட்டோவை முறியடித்தது. செனட்டில் 27-க்கு 13, கீழவையில் 88-க்கு 31. செனட்டில் தேவைப்பட்டது சரியாக 27. ஒன்று குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும். அந்த 27 பேரில் 18 பேர் குடியரசுக் கட்சியினர். எல்.எல்.சி. விலக்கு போனது, உச்ச விகிதம் 5.7 சதவீதமானது. இரண்டு ஆண்டில் 120 கோடி டாலர் திரும்ப வரும் என்று கணக்கிட்டார்கள்.

அந்த 18 பேர் பழமைவாதத்தைக் கைவிட்டதாக நான் நினைக்கவில்லை. வரவுக்கு மீறிச் செலவு செய்யாதே, பிள்ளைகளுக்குக் கடனை வைத்துவிட்டுப் போகாதே, ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்று என்பதெல்லாம் கான்சாஸ் விவசாயக் குடும்பங்களின் பழைய ஒழுக்கங்கள். அவர்கள் அந்தப் பழமையைக் காப்பாற்றினார்கள்.

வரிக் குறைப்பு எப்போதும் பணக்காரருக்குத்தான் என்று சொல்வதும் சரியல்ல. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தம் தனிநபர் உச்ச விகிதத்தை 50 சதவீதத்திலிருந்து 28-க்கு இறக்கியது. ஆனால் அதே சட்டம் பெரியவர்கள் நுழைந்து தப்பிய பல ஓட்டைகளை அடைத்தது, பங்கு விற்று வந்த ஆதாயத்துக்கும் சம்பளத்துக்கும் ஒரே விகிதம் வைத்தது, சுமார் 60 லட்சம் ஏழைகளை வருமான வரியிலிருந்தே விடுவித்தது. அதன் செனட் வடிவம் 97-க்கு 3 என்று நிறைவேறியது. அதிலும் குறைகள் உண்டு. ஆனால் அந்தப் பேரேட்டில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

கான்சாஸ் திரும்பிய அதே 2017-ன் டிசம்பரில், வாஷிங்டன் வேறு திசையில் போனது. கார்ப்பரேட் வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது, அதற்கு முடிவுத் தேதி இல்லை. தனிநபர்களுக்கான குறைப்புகளுக்கு மட்டும் 2025 முடிவு என்று கெடு வைத்தார்கள். கெடு நெருங்கியபோது 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் போட்டு அவற்றில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக்கினார்கள். வாஷிங்டன் கடன் வாங்கலாம். அதனால் அங்கே பற்று யார் பேரில் என்பது இன்னும் பிறக்காதவர்களின் பேரில் எழுதப்படுகிறது. அவர்கள் வந்து கேட்கும்போது கையெழுத்திட்டவர் யாரும் இருக்க மாட்டார்.

கான்சாஸில் 2022-ல் ஆளுநர் லாரா கெல்லி கையெழுத்திட்ட சட்டப்படி உணவுப் பொருள் மீதான மாநில வரி படிப்படியாகக் குறைந்தது. 2025 ஜனவரி 1 அன்று பூஜ்யமானது. அந்த வாரம் பாலும் முட்டையும் வாங்கிக்கொண்டு, ரசீதைக் கடை வாசலில் நின்றே பார்த்தேன். மாநில வரி இல்லை. வாடகை ரசீதுகளோடு வந்த பாட்டியின் ஞாபகம் வந்தது. 2016-க்குப் பிறகு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.

சட்டத்தைத் திருத்தலாம், வரி விகிதத்தை மாற்றலாம். திருப்பித் தர முடியாதது ஒன்று இருக்கிறது. 2012 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த என் மகன், 2017 மே மாதம் ஐந்தாம் வகுப்பு முடித்துத் தொடக்கப் பள்ளியை விட்டு வந்தான். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டோ முறிந்தது. அந்தச் சோதனை நடந்த ஐந்து ஆண்டும் அவன் எழுதப் படிக்கப் பழகிய ஐந்து ஆண்டும் ஒன்றே. அவனோடு படித்தவர்களில் வீட்டில் புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் இருந்தார்கள், பாதி வாரம் பூட்டிக் கிடந்த நூலகத்தை நம்பியவர்கள். ஏ.சி. தொழில்காரருக்கு வந்த வரவுக்கும், தம்பிக்கு வந்த வரவுக்கும், இன்னும் பெரியவர்களுக்கு வந்த வரவுக்கும் எதிரே, பேரேட்டில் பற்று எழுதப்பட்டது அந்தப் பிள்ளைகள் பேரில்தான்.